சிவப்பு விளக்கில் அணையும் மோட்டார்: எங்கே தேடுவது?

"எண்ணெய் முறுக்கினால் நன்றாக ஓடுகிறது, கையை விட்டதும் அணைந்துவிடுகிறது." தொழிற்கல்லூரியில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு படிக்கும் என்னிடம் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. கேட்கச் சிறிய கோளாறுதான். ஆனால் பச்சை விளக்கு விழுந்து, பின்னால் லாரி நகரத் தொடங்கும்போது நம் வண்டி நின்றுபோனால் அது உயிர் விஷயம்.

கார்புரேட்டர் பொருத்திய பழைய கப்சாய் வண்டிகளில் ஐடில் திருகைச் சற்று முறுக்கினால் வேகம் கூடும். இஞ்செக்‌ஷன் வண்டியின் கதை வேறு. கையை விட்டதும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. இயந்திரம் அணையாமல் இருக்கத் தேவையான காற்று, பெரும்பாலான வண்டிகளில், தகட்டைச் சுற்றியுள்ள ஒரு சிறு பக்கவழியில் செல்கிறது. அந்த வழியின் கதவுதான் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு. அது எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியு எனும் சிறு கணினி. இயந்திரத்தின் வெப்பம், தகட்டின் நிலை, உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம் ஆகியவற்றை சென்சார்கள் அதற்குத் தெரிவிக்கின்றன. இயந்திரம் குளிர்ந்திருந்தால் கதவு அதிகம் திறக்கும், சூடானதும் குறையும். 150 சிசி வண்டிகள் பலவற்றில் சூடான பின் ஐடில் வேகம் நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் உண்டு.

என் தங்கை பகுதிநேர வேலைக்குச் செல்லும் வண்டிக்கும் இதே நோய் வந்தது. ஒரு பட்டறையில், "த்ராட்டில் பாடியையே மாற்றணும், 480 வெள்ளி" என்றார்கள். அவளுக்கு அது பல வாரச் சம்பளம். அப்பாவோ, "அந்தத் திருகைக் கொஞ்சம் முறுக்கிவிடுப்பா, சரியாயிடும்" என்றார். நான் தங்கையிடம், எப்போது அணைகிறது என்று கேட்டேன்.

"காலையில ஸ்டார்ட் பண்றப்போ லேசா முறுக்கணும்ண்ணே. சிக்னல்ல கையை விட்டா ஆடி ஆடி நின்னுடுது. கொஞ்சம் முறுக்கிப் பிடிச்சிருந்தா ஒண்ணும் ஆகல."

பாதி விடை அந்தக் கடைசி வரியிலேயே இருந்தது. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால், வேகமெடுக்கும்போதும் வண்டி திணறும். எங்கோ காற்று கசிந்து உள்ளே போனால், ஐடில் பெரும்பாலும் ஏறும் அல்லது ஏறி இறங்கும். தகடு சற்றே திறந்ததும் எல்லாம் சரியாகிறது என்றால், மூடிய நிலையில் காற்று போதவில்லை என்று பொருள்.

ஆனாலும் ஊகத்தை நம்பி உடனே கழற்றவில்லை. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தேன்.

முதலில் எச்சரிக்கை விளக்கு. கோளாறு பதிவாகியிருந்தால் அது எரியும் அல்லது கண்சிமிட்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் நீண்ட சிமிட்டல் 10, குறுகிய சிமிட்டல் 1 என்று கூட்டி, கோளாறு எண்ணைக் கண்டுபிடிக்கலாம். தங்கையின் வண்டியில் விளக்கு எரியவில்லை.

அடுத்து பேட்டரி. நிறுத்தி வைத்த நிலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் செய்துவிட்டுத்தான் தொடர்ந்திருப்பேன். பிறகு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், த்ராட்டில் கேபிளின் தளர்வு, த்ராட்டில் பாடிக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பு. எதிலும் குறை இல்லை.

கடைசியாகத்தான் த்ராட்டில் பாடியைத் திறந்தேன். தகட்டின் விளிம்பிலும் பக்கவழியின் வாயிலும் கரி தடித்துப் படிந்திருந்தது. அதற்கென விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். 25 வெள்ளி டப்பாவில் பாதிகூடச் செலவாகவில்லை. கையேட்டில் உள்ளபடி ஐடிலை மீட்டமைத்ததும், முள் 1,400இல் நின்றது.

இதைச் செய்ய விரும்புவோர் கவனிக்க: இயந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கிளீனர் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். வால்வின் முனையை விரலால் அழுத்தாதீர்கள். சென்சார்மீது கிளீனரை அடிக்காதீர்கள்.

அப்பா சொன்ன திருகை ஏன் தொடவில்லை? தகடு எங்கே நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையில் பூட்டி வைத்த அளவு அது. அதை முறுக்கினால் வேகம் கூடலாம். கரி அங்கேயே இருக்கும். தகடு மூடியிருக்கிறதா என்று ஈசியு அறியும் கணக்கும் பிசகும்.

வீட்டில் கருவி இல்லையென்றால் பட்டறைக்குப் போவதில் தவறில்லை. போகும்போது மூன்று விடைகளைக் கொண்டுபோங்கள்: அணைவது இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? லேசாக முறுக்கினால் சரியாகிறதா? எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? பாகத்தை மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது பழுது என்று தெரிந்தது எனக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் தயங்காமல் காட்டுவார்.