நாவலிலே நிலமும் ஒரு பாத்திரமே

முதல், கரு, உரி எனப் பொருளை வகைப்படுத்திய தமிழ் இலக்கணம், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது. மாந்தர்தம் உணர்ச்சியைப் பேசப் புகுமுன் அவர்கள் நிற்கும் மண்ணைச் சொல்லவேண்டும் என்பது முன்னோர் கண்ட முறை. கவிதைக்குக் கூறிய இவ்விதி நாவலுக்கும் பொருந்துமோ? பொருந்தும் என்பதற்குக் கிழக்கிலங்கையிலேயே தக்க சான்று உண்டு.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் நம் மக்கள் வெறுமனே கிழக்கு, மேற்கு என்பதில்லை. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஊர்கள் நெருங்கி நிற்கும். மறுகரையிலே வயல்கள் விரிந்து கிடக்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையில் 'பாதை' என்னும் மிதவையிலேதான் மக்கள் கரை கடந்தனர். இடமே வாழ்வை வகுக்கும் நாடு இது.

இவ்வாவிக்குத் தெற்கே உள்ளது அக்கரைப்பற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை அது மட்டக்களப்பு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. அங்கே கோளாவிலைச் சேர்ந்தவர் விமல் குழந்தைவேல்; புலம்பெயர்ந்து இலண்டனில் வாழ்பவர். 2004இல் வெளிவந்த 'வெள்ளாவி'யில் சலவைத் தொழிலாளர் வாழ்வைத் தீட்டினார். 2011இல் வெளிவந்த 'கசகறணம்' அக்கரைப்பற்றுச் சந்தையைக் களமாகக் கொண்டது.

சந்தை வீடும் அன்று, வீதியும் அன்று. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடியிருப்பு வேறு. வழிபடும் தலம் வேறு. சந்தையிலோ இரு சமூகப் பெண்களும் அருகருகே இருந்து விற்கின்றனர், சுகதுக்கம் பேசுகின்றனர். ஆகவே சந்தை இந்நாவலில் பின்னணித் திரை அன்று. உறவு உயிர்வாழும் இடமே அது. 1980களில் மூண்ட பகை அதனைக் குலைக்கும்போது கடைகள் மட்டுமா அழிகின்றன? சந்திக்கும் இடம் போய்விட்டால் உறவுக்கு நிற்க இடமேது? இதனை ஆசிரியர் உபதேசமாகக் கூறவில்லை. இடத்தின் கதையாகவே கூறிவிடுகிறார்.

ஆர். கே. நாராயண் 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலிலே மால்குடி என்னும் ஊரைக் கற்பனையாற் படைத்தார். தேசப்படத்தில் இல்லாத ஊரை உலகம் அறிந்துகொண்டது. விமலோ தேசப்படத்தில் உள்ள ஊரை, அது மாறிய பின்னர், தொலைவிலிருந்து மீட்டெழுதினார்.

மொழியும் இடத்தின் கூறே. 'மறுகா', 'ஒள்ளுப்பம்' போன்றவை இம்மண்ணின் வழக்குகள். 'கசகறணம்' என்னும் பெயரே, படும் பெருந்துன்பத்தைக் குறிக்க இங்கு வழங்கும் சொல். இத்தகைய வழக்கு வெளியூர் வாசகரை இடர்ப்படுத்தும் என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அச்சந்தைப் பெண்களைச் செந்தமிழிற் பேசவைத்தால் அவர்கள் எவ்வூர்ச் சந்தையிலும் இருக்கலாம். அக்கரைப்பற்றில் மட்டும் இருக்கமாட்டார்கள்.

இத்தகைய நூல்களை இல்லத்திலே வாய்விட்டு வாசித்தல் நன்று. தெரியாத சொல்லுக்கு முதியோர் பொருள் கூறுவர்; அது வழங்கிய இடத்தையும் உடன் கூறுவர். தமிழ் வீட்டுப் பெத்தாவும் முஸ்லிம் வீட்டு உம்மும்மாவும் நினைவுகூரும் சந்தை ஒன்றே என்பதை இளையோர் அறிவாராயின், அதுவே அந்நாவலின் பெரும்பயன்.