இன்ஜின் மவுண்டிங்: நடுக்கம் பழகிப்போனால் ஆபத்து

1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் செவ்ரலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங். அதன் ரப்பர் விட்டுப்போனால் இன்ஜின் ஒருபக்கமாக எம்பும். ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டு வேகம் தானாகக் கூடும். பவர் பிரேக்கும் கைவிடலாம். இன்ஜின் எம்பாமலிருக்க ஒரு கம்பி வடம் கட்டித் தந்தார்கள்.

நாமக்கல் டேங்கர்களிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் இன்ஜின் உட்கார்ந்திருப்பது இதே ரப்பர் மேல்தான். இரும்புத் தகட்டோடு ஒட்டி வார்த்த அந்த ரப்பருக்குச் சூடும் எண்ணெயும் எதிரிகள். கசியும் டீசலையும் ஆயிலையும் குடித்து உப்பும். நொளநொளத்துத் தகட்டைவிட்டு உரியும்.

முன்னறிவிப்பு உண்டு. ஐடிலிங்கில் கேபின் நடுங்கும். கிளட்சை விட்டதும் 'டங்' என்று அடிக்கும். கியர் கம்பி குதிக்கும். சைலன்சர் பைப் அடிக்கடி வெடிக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் பழகிவிடுகிறது. அதுதான் ஆபத்து.

சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்சை மெல்லப் பாதி விடட்டும், பிறகு ரிவர்ஸிலும். மற்றவர் பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் தூக்கிப்போட்டால் மவுண்டிங் போய்விட்டது. இன்ஜினை அணைத்து, ஆறியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் நுழைந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது இருபக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று தளர்ந்தால் மற்றதும் அந்தப் பாரத்தைச் சுமந்து தேய்ந்திருக்கும். முதலில் ஆயில் கசிவை அடையுங்கள். இல்லையென்றால் புது ரப்பரும் அதே கதிதான். ஜாக்கியை ஆயில் சம்பில் கொடுக்காதீர்கள், தகடு நசுங்கும். இன்ஜின் சரியாக உட்கார்ந்தபின், கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். டயர் துண்டைச் செருகி ஒப்பேற்ற வேண்டாம்.

இன்றைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் மின்னணுவில் இயங்குகிறது. ஆனாலும் ஆடும் இன்ஜின் டீசல் ஹோஸை உரசும், வயரை இழுக்கும், ஃபேனை ரேடியேட்டரில் மோதவிடும். தொப்பூர் இறக்கத்திலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ அப்படி நடந்தால் ஒதுங்க இடமிருக்காது. அடுத்த முறை ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போகும்போது, இந்தச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.