இணையத்தளத் தரகு வருமானம்: எந்தப் பொருளைத் தெரிவுசெய்வது?

"தோட்டம் செய்ய நிலம் இல்லை. பிள்ளையிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. அதனூடாக உழைக்கலாம் என்கிறார்கள். இது உண்மையா?" என்று பெற்றோர் பலர் எம்மிடம் கேட்கின்றனர். 1990இலும் 1995இலும் 2009இலும் இடம்பெயர்ந்தவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சொந்தக் காணி இன்னும் கையில் வந்து சேரவில்லை. எனவே இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இணையத்தளத் தரகு என்னும் தொழில் யாது, அதில் இறங்குவோர் எப்பொருளைத் தெரிவுசெய்யவேண்டும் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

இத்தொழில் யாது?

சந்தைத் தரகரை நாம் எல்லோரும் அறிவோம். வெங்காயம் அவருடையதல்ல. வாங்குபவரையும் விற்பவரையும் அவர் சேர்த்து வைக்கிறார். விற்ற பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். இணையத்தளத் தரகும் இதுவே. நாம் ஒரு விடயத்தைப்பற்றி இணையத்தளத்தில் பயனுள்ள விளக்கம் எழுதுகிறோம். அவ்விடயத்துக்குத் தேவையான பொருளை எங்கே வாங்கலாம் என்று ஓர் இணைப்பையும் கொடுக்கிறோம். வாசிப்பவர் அதனை அழுத்திக் கடைக்குச் சென்று பொருளை வாங்கினால், கடைக்காரர் எமக்கு ஒரு பங்கு தருவார். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 1996இல் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. இன்று உலகின் பல கடைகள் இம்முறையைக் கைக்கொள்கின்றன.

பொருள் எமதல்ல, களஞ்சியமும் தேவையில்லை. ஆனால் ஒருவரும் வாங்காவிட்டால் ஒரு சதமும் இல்லை. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பங்கும் போய்விடும். ஆகவே எதைப்பற்றி எழுதுவது என்ற தெரிவிலேயே இத்தொழிலின் இலாபமும் நட்டமும் தங்கியுள்ளன. மண்ணைப் பாராமல் விதைத்தவன் பின்னர் எவ்வளவு தண்ணீர் இறைத்தும் பயனில்லை என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரியவேண்டியதல்ல.

தெரிவுக்கு ஐந்து கேள்விகள்

1. இவ்விடயம் எமக்குத் தெரியுமா? கைத்தொலைபேசிகளைப்பற்றி எழுதுவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்கள் புதிய கருவிகளைக் கையில் வைத்துப் பார்த்து எழுதுகின்றனர். எமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் மிளகாய் நாற்று ஏன் அடியழுகிச் சரிகிறது என்பது எமக்குத் தெரியும். அனுபவமே எமது முதல்.

2. கேட்பவர்கள் உண்டா? ஒரு தடவை மட்டும் கேட்டு ஓயும் விடயம் நிலைக்காது. ஆண்டுதோறும் திரும்பத்திரும்ப எழும் கேள்வியே நல்லது.

3. பணம் கொடுத்து வாங்கவேண்டிய பொருள் அதில் உண்டா? நல்ல விளக்கத்தை வாசித்து நன்றி சொல்லிப் போய்விடுவார்களாயின் அது சேவையாகும், வருமானமாகாது.

4. பெரிய நிறுவனங்கள் ஏற்கனவே அங்கு நிறைந்துள்ளனவா? "வீட்டுத்தோட்டம்" என்பது பெரிய கடல். "குளிர்நாட்டில் எமது மரக்கறிகளைத் தமிழில் படித்து வளர்த்தல்" என்பது ஒரு சிறு குளம். சிறியவருக்குக் குளமே ஏற்றது.

5. மனச்சாட்சி இடங்கொடுக்குமா? நோய் மாற்றும் மருந்து, கடன், சூது ஆகியவற்றுக்குத் தரகு அதிகம் கிடைக்கலாம். ஆனால் எமது சொல்லை நம்பி ஓர் ஏழைக் குடும்பம் கெடுமாயின் அந்தப் பணம் எமக்கு வேண்டாம்.

ஓர் உதாரணம்

கனடாவின் ரொறன்ரோவில் எமது மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். கோடையில் வீட்டின் பின்புறத்தில் மிளகாய், கத்தரி, பாகல், புடோல் எனப் பலவற்றையும் நடுகின்றனர். அங்கு இளவேனிற்கால உறைபனியின் அபாயம் நீங்கப் பொதுவாக மே மாதம் நடுப்பகுதியாகும். அதுவரை காத்திருந்து விதை போட்டால் காய்ப்பதற்குமுன் மீண்டும் குளிர் வந்துவிடும். எனவே மார்ச் மாதமளவில் வீட்டுக்குள்ளேயே மிளகாய் விதை போடவேண்டும். அவ்விதை நன்கு முளைக்க 25 தொடக்கம் 30 பாகை வரையிலான வெப்பம் வேண்டும். யன்னல் வெளிச்சமும் போதாது. நாற்று வெளிறி நீண்டு வளரும். இதனால் நாற்றுத்தட்டு, வெப்ப விரிப்பு, செடிக்கான மின்விளக்கு ஆகியவற்றை மக்கள் வாங்குகின்றனர்.

ஐந்து கேள்விகளையும் இங்கு வைத்துப் பார்ப்போம். பயிர் எமக்குத் தெரிந்தது. கேள்வி ஆண்டுதோறும் எழுவது. வாங்கவேண்டிய பொருள்கள் உண்டு. தமிழில் இதைத் தெளிவாக எழுதுவோர் குறைவு. எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. பனியை நாம் கண்டதில்லை. அந்த விளக்கையும் பயன்படுத்தியதில்லை. அங்குள்ள சித்தியோ மாமாவோ பரீட்சித்துப் பார்த்து, படமெடுத்து அனுப்பட்டும். பயிர் அறிவு எமது பங்கு. குளிர்நாட்டு அனுபவம் அவர்களது பங்கு. கண்டறியாத பொருளைக் கண்டவர்போல் புகழ்வது பொய்ச்சாட்சியே.

கணக்குப் பார்ப்போம்

விளக்கொன்றின் விலை 40 டொலர், தரகு 3 வீதம் என்று வைத்துக்கொள்வோம். எமக்குக் கிடைப்பது 1 டொலர் 20 சதம். மாதம் 60 டொலர் வேண்டுமாயின் 50 பேர் வாங்கவேண்டும். இணைப்பை அழுத்தும் 100 பேரில் 3 பேர் வாங்குவதாகக் கொண்டால், ஏறத்தாழ 1,700 பேர் அழுத்தவேண்டும். 20 டொலர் மளிகைப் பொருளுக்கு 1 வீதம் என்றால் கிடைப்பது 20 சதம் மட்டுமே. அப்போது 300 பேர் வாங்கினாற்றான் அதே 60 டொலர் வரும். எனவே மலிவான பொருளுக்காகப் பக்கம் பக்கமாக எழுதுவது வீண் உழைப்பு.

நாற்று விளக்குக்கும் காலம் உண்டு என்பதை மறத்தலாகாது. மாசி, பங்குனியில் விற்பது ஆவணியில் விற்காது. ஆகவே நடுகைக்குப் பந்தல் வலை, அறுவடைக்குப் பின் வற்றல் போடும் உலர்த்தி எனப் பருவத்துக்கேற்ற பொருள்களும் அத்துறைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

தரகு வீதத்தைத் தீர்மானிப்பவர் கடைக்காரரே. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் தனது வீதங்களைக் குறைத்தது. வீட்டுப் பொருள்களுக்கும் தோட்டப் பொருள்களுக்கும் 8 வீதமாக இருந்தது ஒரே நாளில் 3 வீதமாயிற்று. மளிகைப் பொருள்களுக்கு 5 வீதம் 1 வீதமாயிற்று. பலரின் வருமானம் பாதிக்கும் கீழே விழுந்தது. ஒரே வியாபாரியை நம்பி முழுத் தோட்டத்தையும் புகையிலையாக வைத்தவனின் நிலை இதுவே. ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கிடைக்கும் பொருளைத் தெரிவுசெய்வது பாதுகாப்பானது.

தொடங்குமுன் அறியவேண்டியவை

அமேசான் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் தனித்தனியே சேரவேண்டும். தரகு வீதமும் வேறுபடும். சேர்ந்து 180 நாள்களுக்குள் மூன்று விற்பனையாவது நடவாவிட்டால் கணக்கு மூடப்படும். ஆதலால் விளக்கங்கள் பலவற்றை எழுதி, வாசகர் வரத் தொடங்கியபின் சேர்வதே உசிதம். எமது சொந்த இணைப்பால் நாமே வாங்கும் பொருளுக்குத் தரகு இல்லை. இணைப்பால் எமக்குப் பங்கு கிடைக்கும் என்பதை வாசகருக்கு வெளிப்படையாக அறிவிப்பதும் கட்டாயம். பணமும் உடனே வராது. மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்களின் பின்னரே வரும். அது எவ்வழியாக இலங்கைக்கு வரும், இடையில் எவ்வளவு கழியும் என்பதை முதலிலேயே வங்கியில் விசாரித்து அறியுங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். "இவ்வளவு பணம் கட்டுங்கள், இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள், வீட்டிலிருந்தே உழைக்கலாம்" என்று அழைப்போர் கிராமங்களுக்கும் வருகின்றனர். அது தரகுத் தொழிலன்று. ஆட்களைச் சேர்ப்பதால் நடக்கும் பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதனைத் தடைசெய்கிறது. அடையாளம் காண்பது எளிது: பொருள் விற்பதால் பணம் வருகிறதா, ஆள் சேர்ப்பதால் பணம் வருகிறதா என்று கேளுங்கள். ஆள் சேர்ப்பதாலென்றால் விலகிவிடுங்கள். நகையை அடகு வைத்து இப்படியான திட்டத்தில் போடவேண்டாம்.

முடிவாக

இத்தொழில் ஒரு மாதத்தில் பறிக்கும் கீரையல்ல, தென்னம்பிள்ளை போன்றது. பல மாதங்கள் எழுதியபின்பே வாசகர் வருவர். சிலவேளை வராமலும் போகலாம். எனவே இருக்கும் கூலிவேலையையோ கோழி வளர்ப்பையோ கைவிட்டு இதில் இறங்கவேண்டாம். பிள்ளையின் படிப்பும் இதனால் தடைப்படக்கூடாது.

ஒரு நாள் மாலை குடும்பமாக அமர்ந்து, அயலவரும் வெளிநாட்டு உறவினரும் உங்களிடம் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கூறிய ஐந்து கேள்விகளில் புடைத்துப் பாருங்கள். பத்தும் பதராய்ப் போனாலும் கவலை வேண்டாம். காசும் காலமும் மிச்சம். ஒன்று மணியாக நின்றால், அதனைப்பற்றி அப்பு சொல்லப் பிள்ளை எழுதட்டும். காணியை விட்டு வந்தபோது மண்ணை எம்மால் கொண்டுவர முடியவில்லை. அந்த மண்ணில் கற்ற அறிவு இன்னும் எம்மிடம் இருக்கிறது. விலை பேசுமுன் அதன் பெறுமதியை நாமே முதலில் அறிந்துகொள்வோம்.