எந்த வயலின் மண் முதலில் கரையும்? முன்கூட்டியே சொல்லும் மேப்: பெரம்பலூருக்கு ஏன் முக்கியம்?

ஐப்பசி மழை அடித்துப் பெய்த மறுநாள், பெரம்பலூர் மாவட்டத்தின் ஓடைகளைப் பாருங்கள். தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். அந்த நிறம் மேட்டு வயல்களின் மேல்மண். சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற எறையூரில் இருக்கும் சின்னாறு நீர்த்தேக்கம் போன்ற நீர்நிலைகளில்தான் அது வண்டலாகப் படிகிறது. நஷ்டம் இரண்டு பக்கமும்: வயலில் சத்து குறைகிறது, ஏரியில் தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது.

எவ்வளவு மண் போகிறது?

இந்தியாவில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சராசரியாக 16.4 டன் மண் அரிக்கப்படுகிறது என்பது 1983-ல் வெளியான மதிப்பீடு. ஏக்கர் கணக்கில் சுமார் 6.6 டன். அதாவது டிராக்டர் டிப்பரில் இரண்டு லோடு. ஆனால் வயல் முழுக்கப் பரப்பினால் இது ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த வேகத்தில் போனால் 8 வருஷத்தில் ஒரு சென்டிமீட்டர் காலி. அது திரும்ப உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

மேப் எப்படித் தயாராகிறது?

அமெரிக்காவின் விஷ்மெயர், ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் வெளியிட்ட சூத்திரம்தான் அடிப்படை. 1997-ல் அது திருத்தப்பட்டது. அதில் ஐந்து எண்கள்:

1. மழை எவ்வளவு பலமாக அடிக்கிறது?
2. மண் எவ்வளவு எளிதில் கரையும்?
3. சரிவு எவ்வளவு நீளம், எவ்வளவு செங்குத்து?
4. மண்ணைப் பயிர் எந்த அளவுக்கு மூடியிருக்கிறது?
5. வரப்பு, தடுப்பு ஏதாவது இருக்கிறதா?

ஐந்தையும் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று வரும். மழை அளவு வானிலைப் பதிவுகளிலிருந்தும், மண் விவரம் மண் ஆய்வு வரைபடங்களிலிருந்தும் கிடைக்கும். சரிவுக்கு, 2000-ல் நாசா விண்கலத்திலிருந்து அளந்த உயரத் தகவல் இலவசமாகவே இருக்கிறது. பயிர்ப் போர்வையைச் சாட்டிலைட் படம் காட்டிவிடும். கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டு, ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு, பரவாயில்லை என்றால் பச்சை எனக் கலர் கொடுத்தால் மேப் ரெடி.

பெரம்பலூரில் என்ன சிக்கல்?

மேற்கே பச்சைமலை. அதன் அடிவாரத்திலிருந்து நிலம் கிழக்கே சரிகிறது. மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில் விதைக்கப்படுகின்றன. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது பயிர் சின்னதாகவே இருக்கும். மண் திறந்து கிடக்கும். மழையின் பலம் கூடும் நேரத்தில் போர்வை இல்லை. பெருக்கல் கணக்கில் இரண்டும் சேர்ந்தால் விடை எகிறிவிடும்.

மேப்பை அப்படியே நம்பலாமா?

முழுசாக முடியாது. நாசாவின் உயரத் தகவலில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். அதற்குள் இருக்கும் வரப்பு அதற்குத் தெரியாது. மேலும் இந்தச் சூத்திரம் பரவலாகக் கரையும் மண்ணையும், சிறு சிறு கோடுகளாக அரிக்கும் அரிப்பையும் மட்டுமே கணக்கிடும். பெரிய பள்ளங்களை அல்ல. அதே மாவட்டத்தில் காரை கிராமத்துக்குப் போனால் வித்தியாசம் புரியும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த களிமண், மழையில் அறுபட்டு ஆழமான பள்ளங்களாகக் கிடக்கிறது. அதனால் மேப் காட்டும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம் எதற்கு மேப்?

எங்கே முதலில் வேலை செய்வது என்று சொல்ல. ஐந்து எண்களில் மழை, மண், சரிவு ஆகிய மூன்றையும் விவசாயி லேசில் மாற்ற முடியாது. மீதி இரண்டும் அவர் கையில். மிதமான சரிவில், சரிவுக்குக் குறுக்கே உழுதாலே அரிப்பு கிட்டத்தட்ட பாதியாகக் குறையும் என்கிறது அந்தச் சூத்திரத்தின் அட்டவணை. ஊடுபயிர், மூடாக்கு, கல் வரப்பு எல்லாமே இந்த இரண்டு எண்களைக் குறைக்கத்தான். இருக்கிற பணத்தை ஊர் முழுக்கத் தூவாமல், சிவப்புக் கட்டங்களில் முதலில் போடலாம்.

கரைந்து போன மண்ணைத் திரும்பக் கொண்டுவரவும் வழி இருக்கிறது. ஏரி வண்டலைத் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுக்கும் நடைமுறையைத் தமிழக அரசு 2024-ல் எளிதாக்கியது. ஆனால் அள்ளி ஏற்றிக் கொண்டுவரும் செலவு விவசாயியுடையது. ஒரு காலத்தில் வயலிலேயே கிடந்த மண்ணுக்கு வண்டி வாடகை கொடுப்பதைவிட, மேட்டில் ஒரு வரப்பு போடுவது மலிவு.