சேன் மாலோ நகரின் கொடி

பிரான்சு நாட்டின் வடமேற்கே பிரிட்டனி என்னும் பகுதியில், கடலை ஒட்டிய கற்பாறை ஒன்றின்மேல் அமைந்தது சேன் மாலோ என்னும் சிறு நகரம். சுற்றிலும் கருங்கல் மதில். மதிலின் அடியில் அலை. நகரின் ஒருபால் உள்ள பழங்கோட்டையில் இந்நாளில் நகராட்சி மன்றம் இயங்குகின்றது. அக்கோட்டையின் உச்சியில் பிரான்சு நாட்டின் மூவண்ணக் கொடி பறக்கின்றது. அதற்கும் மேலே ஊர்க்கொடி பறக்கின்றது! நாட்டுக் கொடிக்கு மேல் ஊர்க்கொடியோ என்று வியப்புத் தோன்றலாம். அவ்வூரின் வரலாற்றை அறிந்தார்க்கு அவ்வியப்பு நீங்கும்.

நீலத் துணியின் நடுவே வெள்ளைச் சிலுவை. கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் செந்நிறக் கட்டம். அதனுள் நடந்து செல்லும் வெண்ணிற எர்மின். இதுவே அக்கொடி. எர்மின் என்பது கீரியை ஒத்த சிறு விலங்கு. குளிர்காலத்தில் வால்நுனி ஒழிய உடல் முழுதும் வெளுத்துவிடும். தன் வெண்மயிரில் மாசு படுதலினும் உயிர் விடுதலே அதற்கு உவப்பு என்பது ஐரோப்பியர் வழக்கு. நம் புலவர் கவரிமாவைக் கூறியதும் இத்தகையதே. விலங்கு நூலார் இரண்டினையும் ஒப்பார். பிரிட்டனியை ஆண்ட கோமக்களின் சின்னமாக எர்மின் விளங்கிற்று. அப்பகுதி 1532-இல் பிரான்சுடன் இணைந்தது.

நகரின் பழைய இலச்சினையிலோ எர்மின் இல்லை; நாயே இருந்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. அக்கடலில் ஏற்றவற்றம் மிகப் பெரிது. பெருநாள்களில் நீர் பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் உயர்ந்து தாழும். நீர் வற்றியபோது மரக்கலங்கள் மதிற்புறத்தே மணலில் கிடக்கும். அவற்றைக் கள்வரிடமிருந்து காக்க, இரவுதோறும் கொடிய நாய்களை அவிழ்த்து விட்டனர். 1770-இல் கடற்படை அலுவலர் ஒருவர் அந்நாய்களுக்கு இரையாகவே, அவ்வழக்கம் ஒழிந்தது.

“பிரெஞ்சுக்காரனும் அல்லேன், பிரிட்டனியனும் அல்லேன், மாலோ நகரத்தானே யான்” என்பது அவ்வூரார் பெருமிதமாகக் கூறும் சொல். அது வெறும் வாய்ச்சொல் அன்று. 1589-இல் பிரான்சு அரசன் மூன்றாம் ஹென்றி கொலையுண்டான்; சீர்திருத்தச் சமயத்தவனான நான்காம் ஹென்றி அரசுரிமை பெற்றான். கத்தோலிக்கரான நகரத்தார் அவனை ஏற்க மறுத்தனர். கோட்டைத் தலைவன் நகரை அவனிடம் ஒப்படைத்து விடுவான் என அஞ்சிய இளைஞர் சிலர், 1590 மார்ச்சுத் திங்களில் ஓரிரவு கயிறு பற்றி மதிலேறிக் கோட்டையைக் கைப்பற்றினர். தலைவன் மாண்டான். நகரம் தன்னைத் தானே ஆளும் குடியரசாயிற்று. ஹென்றி கத்தோலிக்க சமயம் தழுவிய பின்னரே, 1594-இல், அவனுக்குப் பணிந்தது.

அச்சிறு பாறையிலிருந்து புறப்பட்டோர் தொலைவு சென்றனர். 1534-இல் கனடா நோக்கிச் சென்ற ழாக் கார்த்தியே அவ்வூரினர். அரசன் ஆணைச்சீட்டுடன் பகைவர் கலங்களைக் கொள்ளையிட்டோரும் பலர். ஆணைச்சீட்டு இருந்தால் கொள்ளை அறமாகுமா என்று அவர்களால் பொருளிழந்த வணிகரைக் கேட்டால் வேறு விடை கிடைத்திருக்கும்!

நம் சென்னைக்கும் அவ்வூர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. 1699-இல் அங்குப் பிறந்த லபூர்தொனே என்பவரே 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படையுடன் வந்து புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினார். பெரும்பொருள் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடம் மீட்டளிக்க அவர் விரும்பினார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே இசைந்தாரல்லர். இப்பூசலின் விளைவாகத் தாயகம் திரும்பிய லபூர்தொனே, பாரிசு நகரின் பாஸ்டில் சிறையில் இருக்க நேர்ந்தது. 1751-இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்று, 1753-இல் மறைந்தார். சென்னையோ 1749-இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

1944 ஆகஸ்டில், செருமானியப் படை தங்கியிருந்த அந்நகர்மீது அமெரிக்கர் குண்டு பொழிந்தனர். மதிலகத்தே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எரிந்தும் இடிந்தும் போயிற்று. மதில் பெரும்பாலும் நின்றது. புத்தூர் ஒன்று எளிதில் அமைத்திருக்கலாம். நகரத்தார் அதனை விரும்பாது, பழைய தோற்றம் மாறாமல் கருங்கல்லாலேயே வீடுகளை மீண்டும் எழுப்பினர். பேராலயத்தின் கோபுரமுடி 1971-இல்தான் மீண்டும் எழுந்தது.