தேம்ஸ் கரையோரம் ஒரு பிறந்த நாள்

பிறந்த நாளைக் கொண்டாட இந்தியாவிலிருந்து லண்டன் செல்லும் தம்பதிக்கு அந்த நாள் 24 மணி நேரத்தோடு முடிவதில்லை. லண்டன் நேரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் நான்கரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் பின்னால் ஓடுகிறது. கோடையில், ஊரில் நள்ளிரவு 12 அடித்ததும் உறவினர்கள் வாழ்த்துச் சொல்ல அழைத்தால், அங்கே முந்தின நாள் மாலை 7.30தான் ஆகியிருக்கும். அந்த அழைப்பிலிருந்து லண்டனின் அடுத்த நாள் நள்ளிரவு வரை கணக்கிட்டால் பிறந்த நாள் இருபத்தெட்டரை மணி நேரம் நீள்கிறது.

நாள் நீண்டாலும் உடல் அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. அது சில நாட்களுக்கு ஊர்க் கடிகாரத்தையே பின்பற்றும். விடியற்காலை 3, 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். மாலை 6 மணிக்குக் கண் சொருகும், ஏனென்றால் கோடையில் ஊரில் அப்போது இரவு பத்தரை. மனித உடலின் உள்கடிகாரம் 24 மணிக்குச் சற்று அதிகமான சுற்று கொண்டது. அதனால் நாளை நீட்டிக்கும் மேற்குப் பயணம், நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணத்தைவிட எளிதில் பழகும். மாலை வெளிச்சத்தில் இருப்பது அந்தப் பழக்கத்தைத் துரிதப்படுத்துகிறது. ஆகவே லண்டனின் முதல் நாளுக்கு ஏற்ற திட்டம் இதுதான்: சீக்கிரம் கிளம்புவது, திறந்த வெளியில் நடப்பது, ஊரெல்லாம் அலையாமல் ஒரே தடத்தில் செல்வது. அந்தத் தடத்தைத் தேம்ஸ் ஆறே போட்டுத் தருகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பாலம் வரை தென்கரையோரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடைபாதை உண்டு.

இருவருக்கு இரண்டு அட்டை

உலகின் முதல் சுரங்க ரயில் 1863இல் ஓடத் தொடங்கியது லண்டனில்தான். இன்று அதில் ஏறப் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையோ கைபேசியையோ நுழைவாயிலில் மஞ்சள் வட்டத்தில் வைத்தால் கதவு திறக்கும். இறங்கும் நிலையத்திலும் மறக்காமல் தொட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். தம்பதிகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே அட்டையால் இருவர் நுழைய முடியாது. ஒருவர் அட்டையையும், மற்றவர் அதே கணக்கில் இணைந்த கைபேசியையும் பயன்படுத்தலாம். இயந்திரம் அவற்றைத் தனித்தனியாகவே கணக்கில் கொள்ளும். நாளுக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால் எத்தனை முறை ஏறினாலும் செலவு அதைத் தாண்டாது. பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். 2014 முதல் பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை.

மணிக்கூண்டும் பழைய காசுகளும்

காலை 7 மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கூட்டம் இருக்காது. எதிரே நிற்பது 96 மீட்டர் உயர மணிக்கூண்டு. பிக் பென் என்பது கோபுரத்தின் பெயரல்ல, உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர். கோபுரம் 2012 முதல் எலிசபெத் கோபுரம் எனப்படுகிறது. 1859இல் ஒலிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே மணியில் விரிசல் விழுந்தது. அதை வார்த்துப் புதிதாக்கவில்லை. சற்றுத் திருப்பி வைத்து, எடை குறைந்த சுத்தியலைப் பொருத்தினார்கள். உலகம் அறிந்த அந்த ஓசை விரிசல் விழுந்த மணியின் ஓசை. கடிகாரத்தின் பெண்டுலத்தின் மேல் பழைய பென்னிக் காசுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காசு கூட்டினால் கடிகாரம் நாளுக்கு 0.4 வினாடி வேகமாகும். எடுத்தால் அதே அளவு மெதுவாகும்.

அருகிலுள்ள நாடாளுமன்றக் கட்டடம், 1834 தீயில் பழைய மாளிகை அழிந்த பிறகு எழுந்தது. அரசுக் கணக்குக்குப் பயன்பட்ட, வெட்டுக் குறியிட்ட பழைய மரக்குச்சிகளை உலையில் போட்டு எரித்ததே அந்தத் தீக்குக் காரணம். 11ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது.

தென்கரை நடை

பாலத்தைக் கடந்தால் 135 மீட்டர் உயர லண்டன் ஐ ராட்டினம். 2000இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இது ஒரு சுற்றுக்கு அரை மணி எடுக்கிறது. அவ்வளவு மெதுவாகச் சுழல்வதால், பொதுவாக நிறுத்தாமலேயே ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள். அடுத்து வரும் வாட்டர்லூ பாலத்தின் அடியில் பழைய புத்தகக் கடைகள் விரிந்திருக்கும்.

இன்னும் கிழக்கே, ஒரு காலத்தில் மின் நிலையமாக இருந்த கட்டடத்தில் டேட் மாடர்ன் கலைக்கூடம் இயங்குகிறது. நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதன் எதிரே தொடங்கும் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டது. பாலம் பக்கவாட்டில் லேசாக ஆடியதும் நடப்பவர்கள் தம்மை அறியாமல் அந்த ஆட்டத்துக்கேற்ப அடி வைத்தார்கள். அதனால் ஆட்டம் இன்னும் பெருகியது. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் ஆற்றின் இயல்பு புரியும். தேம்ஸில் கடலின் ஓதம் ஏறி இறங்குகிறது. லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் வரை மாறும். கூழாங்கல் கரையாகத் தெரிந்த இடம் ஆறு மணி நேரத்தில் நீருக்குள் போய்விடும்.

மதிய உணவுக்கு வழியிலேயே, ரயில் மேம்பாலங்களின் அடியில் பரோ சந்தை இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.

கோட்டையில் கோகினூர்

டவர் பாலம் 1894இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 முறை அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். ஆற்றில் வரும் கலத்துக்கே முதல் உரிமை. சாலையில் வருபவர் எவரானாலும் காத்திருக்க வேண்டும். தூக்கும் நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினால் அந்தக் காட்சி வாய்க்கும்.

வடகரையில் லண்டன் கோபுரக் கோட்டை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் தொடங்கிவைத்தது. குறைந்தது ஆறு அண்டங்காக்கைகளை இங்கே வளர்க்கிறார்கள். அவை நீங்கினால் அரசு வீழும் என்பது நம்பிக்கை. நகைக் காப்பகத்தில் நகரும் நடைமேடையில் நின்றபடியே மணிமுடிகளைக் கடக்க வேண்டும். 1849இல் பஞ்சாபை இணைத்த பிறகு ஆங்கிலேயர் கொண்டுசென்ற 105.6 காரட் கோகினூர் வைரத்தை அங்கே காணலாம். சில நொடிகளில் மேடை நகர்ந்துவிடும். மறுபடி பார்க்க விரும்புவோர் திரும்பப் போய் ஏறலாம்.

பிறந்த நாளுக்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பு உண்டு. மன்னர் சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. அன்று இங்கிருந்து 62 குண்டுகள் முழங்கும். மன்னருக்குரிய 21, கோட்டை என்பதால் 20, நகரத்தின் பெயரால் 21. ஜூனில் அவருக்கு அதிகாரபூர்வமான இன்னொரு பிறந்த நாளும் வருகிறது. நவம்பரில் பிறந்த ஏழாம் எட்வர்ட், நல்ல வானிலையை எண்ணிப் பொது விழாவைக் கோடைக்கு மாற்றிய வழக்கத்தின் தொடர்ச்சி அது.

திரும்பும் வழி

கோட்டையை விட்டு மாலை 4 மணிக்கு வெளியே வந்தால் கால்கள் ஓய்வு கேட்கும். அருகிலுள்ள படகுத்துறையில் ஏறினால் காலையில் நடந்த கரை முழுவதையும் உட்கார்ந்தபடி மறுமுறை பார்த்துக்கொண்டே வெஸ்ட்மின்ஸ்டர் திரும்பலாம். அதே வங்கி அட்டை இங்கும் செல்லும். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9 தாண்டியும் வெயில் இருக்கும்.

ஸ்கோன், வெள்ளரிக்காய் சாண்ட்விச், கேக், தேநீர் என்று வரும் மாலைத் தேநீர் விருந்துதான் முதல் நாளுக்குப் பொருத்தமான பிறந்த நாள் விருந்து. கோடையில் லண்டனில் மாலை 4.30 என்றால் ஊரில் இரவு 9. உடலுக்கு அது சாப்பாட்டு வேளை. விடுதிகளில் முன்பதிவு தேவை. நாடகத்துக்கான சீட்டை மறுநாளுக்கு வாங்குவது நல்லது. இருண்ட அரங்கில் முதல் நாள் தூக்கத்தை வெல்வது கடினம். அறையில் உட்காராமல் வெளியே நடந்து, இரவு 9 மணி வரை விழித்திருந்து படுத்தால் அடுத்த நாள் விழிப்பு ஒரு மணி நேரமாவது தள்ளி வரும்.