கணிப்பொறிப் பெயர்களில் இடுகுறியும் காரணமும்

பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்துக் காணும் முறை நம் இலக்கணத்தார்க்கு நெடுங்காலமாக உடன்பாடாகும். பவணந்தியார் நன்னூல் எழுத்தியலின் தொடக்கத்திலேயே இப்பகுப்பினை வைத்தார். அவர்க்கு மிக முன்னரே தொல்காப்பியர், சொற்பொருளுக்குரிய காரணம் நோக்கியவுடன் விளங்கித் தோன்றாது என உரியியலுள் உணர்த்திச் சென்றார். இக்கொள்கையை விளக்கப் புகும் நாம் மரம், பனை என்பவற்றை இடுகுறிக்கும், பறவை, மரங்கொத்தி என்பவற்றைக் காரணத்துக்கும் இன்றளவும் எடுத்துக்காட்டி வருகின்றோம். இவ்வெடுத்துக்காட்டுகளில் ஒரு குறை உண்டு. பெயரிட்டவர் யாவர், எப்பொழுது இட்டனர், இடுங்கால் எதனைக் கருதினர் என்பவற்றை நாம் அறியோம். பெயர் பிறந்த காலமும், இட்டவர் கருத்தும், பின்னர் அப்பெயர்க்கு நேர்ந்த நிலையும் எழுத்திற் பதிவான ஒரு தொகுதி கிடைப்பின், கொள்கையை அதன்மேல் வைத்து உரைத்துப் பார்க்கலாம். அத்தகைய தொகுதியொன்று கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் தோன்றியுள்ளது. வலைப்பின்னலில் இணைந்த கணிப்பொறிகளுக்கு, சிறப்பாக வழங்கிகளுக்கு, இடப்பட்ட பெயர்களே அவை.

வழங்கி என்பது, பிற கணிப்பொறிகள் வேண்டும் செய்தியையும் நூலையும் இடையறாது எடுத்தளிக்கும் கணிப்பொறி. பொறிகள் தம்முள் எண்களாலேயே ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். பெயர் வேண்டுவது மாந்தர்க்கே. ஆதலின் இப்பெயர்களை மொழியாய்வின்பாற் படுத்துதல் பொருந்தும். மேலும், இவ்வாராய்ச்சி இலக்கண இன்பத்தளவில் நின்றுவிடுவதன்று. சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் மின்வடிவில் வழங்கிகளில் வைக்கப்படுகின்றன. ஆய்வாளர் தம் அடிக்குறிப்பில் எழுதும் முகவரியில் வழங்கியின் பெயர் இடம்பெறுகின்றது. அப்பெயர் மாறிய அன்றே அடிக்குறிப்பு பயனற்றதாகி, கூற்றுக்குச் சான்று இல்லாமற் போகின்றது.

அமெரிக்க நாட்டில் 1969-இல் நான்கு கணிப்பொறிகளை இணைத்துத் தொடங்கிய ஆர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னலே இப்பெயர் வழக்கின் பிறப்பிடம். இணைந்த பொறிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலாக எழுதிக் காலிபோர்னியாவில் மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தார் காத்துவந்தனர். இப்பட்டியலுக்கென 1985-இல் வெளிவந்த விதிகளைத் தமிழ் இலக்கணம் பயின்றார் காணின் வியப்புறுவர். பெயர் 24 எழுத்துக்கு மேற்படலாகாது. மொழிமுதலில் எழுத்தே வரவேண்டும், எண் வருதல் கூடாது. சிறுகோடும் புள்ளியும் மொழியிறுதியில் நிற்றல் ஆகாது. ஓரெழுத்தொருமொழி பெயராதற்கு உரியதன்று. மொழிமுதலாகும் எழுத்து, மொழியிறுதியாகும் எழுத்து என நம் முன்னோர் ஓதிய அதே துறையில், தமிழை அறியாத பொறியாளர் தாமாகவே விதி செய்ய நேர்ந்தது. முதல்நிலை பற்றிய விதி நெடுநாள் நிற்கவில்லை. எண்ணும் முதலாகலாம் என 1989-இல் இசைந்தனர்.

ஒரே பட்டியல் எனின், ஒரு பெயரை உலகில் ஒரு பொறியே தாங்க இயலும். பொறிகள் பெருகவே இஃது இடர்ப்பாடாயிற்று. பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-இல் வகுத்த களப்பெயர் முறை இதனை நீக்கியது. அம்முறையில் ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் மட்டும் பெயர் தனித்து நின்றாற் போதும். பொறியின் பெயரை அடுத்து நிறுவனத்தின் பெயரும், அதனை அடுத்து நாடு அல்லது வகையின் பெயரும் தொடர்ந்து வரும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரமைப்பு நமக்கு நினைவுக்கு வரும். ஊரும் தந்தையும் அடையாக நின்று இந்நக்கீரரைப் பிற நக்கீரரினின்று பிரித்தல் போன்றதே இது. நம் வழக்கில் பேரெல்லை முன்னிற்கும், அவர் வழக்கில் பின்னிற்கும். வேறுபாடு அவ்வளவே.

இனி, அந்த எல்லைக்குள் எவ்வகைப் பெயரை இடுவது என்னும் வினா எழும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டான் லிபஸ் என்பார் இதுபற்றிச் சிறு அறிவுரை நூலொன்றை எழுதினார். அது 1990-இல் இணையத்தாரின் ஆவணத் தொடரில் வெளிவந்தது. அவர் இடுகுறி, காரணம் என்னும் சொற்களை அறியார். ஆயினும் அவர் கூறிய அனைத்தும் அப்பகுப்பில் அடங்கும். தொழிற்கூடமொன்றின் கருவிகளை இயக்க வந்த பொறிக்கு, அத்தொழிற்கூடத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராக இட்டனராம். அடுத்து மற்றொரு பொறி அதே பணிக்கு வந்தது. அதற்கும் அப்பெயர் பொருந்தும், ஆனால் இட இயலாது. ஓராண்டு கழிந்தபின் மேலும் ஐந்து பொறிகள் வந்தன. முதற்பொறியோ தொடர்பற்ற வேறு பணிக்குச் சென்றுவிட்டது. பெயர் மட்டும் பழைய தொழிலைச் சொல்லி நின்றது. மற்றொரு நிகழ்ச்சி நகைச்சுவை உடையது. செய்திகளைப் புதுப்பிக்கும் உரிமை பெற்ற பொறிக்கு அத்தொழிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பாதியாகிய ‘அப்’ என்பதைப் பெயராக வைத்தனர். அச்சொல் அம்மொழியில் மேல் என்றும், பொறி இயங்கும் நிலை என்றும் பொருள்படுவது. ஆகவே, அப் இயங்குகின்றதா என்று கேட்பதற்குள் கேட்பவரும் கேட்கப்படுபவரும் இடர்ப்பட்டனர்.

இவற்றால் லிபஸ் தரும் முடிவு, பணி பற்றிய பெயர் வேண்டா, ஓர் இனத்தைச் சார்ந்த பொருள்களின் பெயர்களை எடுத்து வரிசையாக இடுக என்பது. நிறங்கள், கோள்கள், தனிமங்கள், புராண இடங்கள் ஆகியன இவ்வாறு பயன்பட்டன. நம் சொல்லிற் கூறின், காரணப்பெயரை விலக்கி இடுகுறியைக் கொள்க என்றாராயிற்று. செவ்வாய் எனப் பெயர் பெற்ற பொறிக்கும் செவ்வாய்க் கோளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொடர்பின்மையே அப்பெயரின் வலிமை. பொறி எப்பணிக்குச் சென்றாலும் பெயர் பொய்யாவதில்லை.

இது முழு உண்மையாயின் காரணப்பெயர்க்கு இவ்வுலகில் இடமே இல்லை என்றாகும். அவ்வாறன்று என்பதை உலகின் முதல் வலைத்தள வழங்கியின் வரலாறு காட்டுகின்றது. ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் அணுக்கரு ஆய்வு நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1990-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழங்கியை இயக்கினார். அது நெக்ஸ்ட் என்னும் நிறுவனத்தார் செய்த கணிப்பொறி. அதனை எவரும் அணைத்துவிடாதவாறு, எச்சரிக்கை எழுதிய தாளொன்றைப் பொறியின்மேல் ஒட்டியிருந்தனர். அப்பொறிக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என்-எக்ஸ்-ஓ-சி-01 என்பது. முதலீரெழுத்தும் பொறி செய்தாரையும், அடுத்த ஈரெழுத்தும் அஃதிருந்த பிரிவையும், எண் அதன் வரிசையையும் குறிப்பன. மூன்று காரணம் ஒருங்கே அடங்கிய பெயர் இது. மற்றொன்று ‘இன்ஃபோ’ என்பது. செய்தி என்னும் பொருளைத் தரும் இச்சொல்லும் காரணப்பெயரே.

இவ்விரண்டிற்கும் நேர்ந்தவை வெவ்வேறு. நெக்ஸ்ட் நிறுவனம் 1993-இல் கணிப்பொறி செய்வதைக் கைவிட்டது. 1997-இல் ஆப்பிள் நிறுவனத்தோடு கலந்துவிட்டது. பொறி காட்சிப்பொருளாயிற்று. முதற்பெயர் குறித்த காரணங்கள் யாவும் ஒழிந்தன, பெயரும் வழக்கொழிந்தது. ‘இன்ஃபோ’ என்னும் பெயரோ வேறு பொறிகளுக்கு மாறி இன்றும் வாழ்கின்றது. முதல் வலைப்பக்கத்தை அந்நிறுவனத்தார் 2013-இல் மீட்டெடுத்து நிறுத்தியதும் அம்முகவரியிலேதான். ஒரே பொறியின் இரு காரணப்பெயர்களில் ஒன்று மாய்ந்தது, ஒன்று நிலைத்தது. ஏன்? முன்னது பொறியின் பெயர், பின்னது பணியின் பெயர். பொறியின் ஆக்கமும் இடமும் தொழிலும் மாறுவன. பணியோ, எப்பொறி அதனைச் செய்யினும், தன் இயல்பில் மாறாது. ஆகவே பணிக்கு இட்ட காரணப்பெயர் அப்பணி உள்ளளவும் மெய்யாயிருக்கும். தொழிற்கூடப் பொறிக்கு நேர்ந்த பிழை, காரணப்பெயரை இட்டமையன்று, பணிக்குரிய பெயரைப் பொறிக்கு ஏற்றியமையே.

களப்பெயர் முறையிலேயே இதற்கு வழி அமைந்துள்ளது. ஒரு பொறிக்கு மூலப்பெயர் ஒன்றும், அதனைச் சுட்டும் மாற்றுப்பெயர்கள் பலவும் வைக்கலாம். பொறி மாறுங்கால் மாற்றுப்பெயரைப் புதிய பொறியின்பாற் சுட்டிவிட்டாற் போதும், வெளியே இருப்பார் மாற்றத்தை உணரார். இடுகுறி பொறிக்கும், காரணம் பணிக்கும் ஆம் என்பது இப்பெயர்த்தொகுதி நமக்கு அறிவிக்கும் புதுச்செய்தி. பொருளை நோக்காது பெயரளவில் இடுகுறி சிறந்தது, காரணம் சிறந்தது என வழக்கிடுதல் வீண்.

காரணம் மறைந்தபின்னும் பெயர் மறையாது நிற்றலும் உண்டு. காரணம் கருதியவழிக் காரணப்பெயராயும், கருதாதவழி இடுகுறியாயும் நிற்பனவற்றைக் காரண இடுகுறி என்று நன்னூல் உரையாசிரியர் வகுத்து, முள்ளி, கறங்கு முதலியவற்றைக் காட்டுவர். வலைப்பின்னலில் செய்தியை வழிப்படுத்தும் பொறிகளுக்கு, அவை நிற்கும் நகரத்தின் வானூர்தி நிலையக் குறியீட்டையே பலர் பெயரின் உறுப்பாக இடுகின்றனர். மும்பைக்குரிய குறியீடு பம்பாய் என்பதன் ஆங்கில முதல் மூன்றெழுத்து. சென்னைக்குரிய எம்-ஏ-ஏ என்பது மெட்ராஸ் என்னும் பெயரின் முதலீரெழுத்தைக் கொண்டது. நகரங்கள் முறையே 1995-இலும் 1996-இலும் பெயர் மாறின, குறியீடுகள் மாறவில்லை. இன்று அவற்றை எழுதும் இளம் பொறியாளர்க்கு அவை வெறும் குறிகளே. காரண இடுகுறி பிறக்கும் முறையை நம் வாழ்நாளிலேயே கண்ணெதிரே காண்கின்றோம்.

பல்லாயிரம் பொறிகளை ஓரிடத்து நிறுத்தும் பெருநிறுவனங்களில் இனப்பெயர்கள் விரைவில் தீர்ந்துவிடும். அங்கு நகரும் அறையும் அடுக்கும் வரிசையெண்ணுமே பெயராகும். வளர்ப்பு நாய்க்குப் பெயர் உண்டு, மந்தை மாட்டிற்கு எண்ணே உண்டு என்று அந்நாட்டுப் பொறியாளர் உவமை கூறுவர். நம் நாட்டு உழவர் மாட்டையும் செவலை, மயிலை, காரி எனப் பெயரிட்டழைப்பர் ஆதலின், இவ்வுவமை நமக்கு அத்துணைப் பொருந்துவதன்று. அது நிற்க.

பத்துப் பதினைந்து பொறிகளே உடைய ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு இனப்பெயர் முறையே ஏற்றது. தமிழ்த்துறை எனின் தமிழ்ப்பெயரே இடவேண்டும் என்னும் விருப்பம் இயல்பு. ஆயின் பொறிப்பெயர் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் எழுதப்படுவது. ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தமைதி உடைய சொல் ஆகாது என்பது லிபஸ் கூறும் மற்றொரு விதி. ஐந்திணைப் பெயர்களை இவ்விதியால் அளந்து பார்ப்போம். குறிஞ்சியின் சகரத்தை இருவேறு வகையாக எழுதுவர். மருதத்தின் தகரம் மூவகைப்படும். நெய்தலில் அத்தகரத்தோடு யகரமெய்யும் ஐயம் விளைக்கும். பாலையின் நெடிலை ஓரெழுத்தாலும் எழுதுவர், ஈரெழுத்தாலும் எழுதுவர். முல்லை ஒன்றே எவர் எழுதினும் ஒரு தன்மைத்தாய் வரும். கபிலர் குறிஞ்சிப்பாட்டிற் கூறும் 99 மலர்களை எடுத்துக்கொள்ளின் இன்னும் சில தேறும். எருவை, அவரை, இலவம், குரவம், குல்லை என்பன நன்கு பொருந்துவன. குல்லையும் முல்லையும் ஓரெழுத்தளவில் வேறுபடுதலின், ஒரே துறையில் இரண்டையும் வைத்தல் தகாது. ஞாழல் என்பதை உரோமன் எழுத்தில் இருவர் ஒருபடியாக எழுதக் கண்டதில்லை. அழகிய பெயரேயாயினும் அதனை விடுதல் வேண்டும்.

தமிழெழுத்திலேயே எழுதலாகாதோ எனின், ஆகும். 2003-இல் வகுக்கப்பட்ட முறையால் பிறமொழி எழுத்துகளும் களப்பெயரில் வருதற்கு வழி ஏற்பட்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழெழுத்திலேயே மேனிலைக் களங்களாக உள்ளன. ஆனால் பொறியுள் அவை உரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த குறியாக மாற்றப்பட்டே இயங்கும். இலங்கை என்னும் நான்கெழுத்துச் சொல் ஆங்கு 16 குறிகளாக நீள்கின்றது. அதனினும் கருதத்தக்க இடர் ஒன்று உண்டு. குறிஞ்சிப்பாட்டு மலர்களுள் மௌவல் ஒன்று. இதன் முதலெழுத்து ஔகார உயிர்மெய். இதனை அறியாதார் மகர எகரத்தை எழுதி, அதன் பக்கத்தில் ளகரத்தை இட்டு அதே வடிவத்தைப் பெறுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ அவை இருவேறு பெயர்கள். ஒன்றைத் துறை பதிவு செய்ய, மற்றொன்றை வேறொருவர் பதிந்துகொள்ளின், சுவடியைத் தேடி வரும் மாணவர் எவ்வாயிலுள் நுழைந்தார் என்பதைத் தாமும் அறியார். ஔகாரத்தின் பிற்கூறு ளகர வடிவில் எழுதப்படுதலைப் பள்ளியில் எழுத்துப்பிழையளவில் திருத்திவிடுகின்றோம். பெயரிடும் துறைகள், தமிழெழுத்தில் ஔகாரம் வரும் பெயரை விலக்குதலோ, இரு வடிவினையும் தாமே பதிந்துகொள்ளுதலோ செய்தல் வேண்டும்.